பிள்ளைகள் எழுதும் ஏடு அடுப்புக்கா?

நீர்வேலி என்றால் வாழை என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவரும் அறிந்த செய்தி. பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயைக் கடந்து வருவோர், செம்மண் தோட்டங்களில் வாழை நிரை நிரையாக நிற்பதைக் காணாமற் செல்ல முடியாது. அவ்வூர்ப் பாடசாலையொன்றில், வாழைச் செய்கை பற்றி ஓர் ஒப்படை எழுதி வரும்படி ஆசிரியர் மாணவனைப் பணிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். மாணவன் எங்கே போகின்றான்? நாற்பது வருடம் வாழையோடு வாழ்ந்த பாட்டனாரிடமா? இல்லை. கைத்தொலைபேசியை எடுக்கின்றான். எவரோ, எந்த நாட்டு வாழையைப் பற்றியோ இணையத்தில் எழுதி வைத்ததை ஓர் எழுத்தும் பிசகாமற் பார்த்தெழுதுகின்றான். படம் ஒட்டி, மட்டை கட்டி, ஓரத்திற் பூ வரைந்து கையளிக்கின்றான். ஆசிரியரும் புள்ளியிடுகின்றார். ஆண்டு முடிந்ததும் அந்த ஏடு பழைய கடதாசி வாங்குபவரிடம் போகின்றது. அல்லது அடுப்புக்குப் போகின்றது. பாட்டனார் அறிந்ததோ பாட்டனாரோடு போகின்றது.

இதில் மாணவனை நோவதில் நியாயமில்லை. வாசிக்கப் போகின்றவர் ஒருவரே, அவரும் புள்ளியிடுவதற்காகவே வாசிப்பார் என்று தெரிந்த பின் எந்தப் பிள்ளை மெய்வருந்தி எழுதும்? வட மாகாணத்தில் மட்டும் ஆண்டுதோறும் எத்தனை ஒப்படைகள், எத்தனை செயற்றிட்டங்கள்! அவற்றில் நூற்றில் ஒன்று தேறினாலும் அது தமிழ் மொழிக்கு வந்து சேர வேண்டிய முதல். விக்கியும் வலைப்பதிவும் இன்று எம் பாடசாலைகளுக்குப் பார்த்தெழுதும் இடங்களாக இருக்கின்றன. அவற்றை எழுதும் இடங்களாக ஆக்க வேண்டும் என்பதையே நாம் வற்புறுத்த விரும்புகின்றோம்.

தோட்டத்தில் நாளைக் கழிக்கும் அன்பர்களுக்காக இரண்டு சொற்களையும் முதலில் விளக்கிவிடுவோம். விக்கி என்பது பலர் கூடி எழுதவும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும் இடமளிக்கும் இணையப் பக்கம். அமெரிக்கரான வோர்ட் கனிங்ஹாம் என்பவர் 1995 இல் முதலாவது விக்கியை அமைத்தார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். 2001 ஜனவரியில் ஆங்கிலத்திற் பிறந்த விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இம்முறையில் எழுந்ததே. வலைப்பதிவு வேறு வகை. ஒருவரோ ஒரு குழுவினரோ தாம் கண்டதையும் கேட்டதையும் எண்ணியதையும் நாள் குறித்துத் தம் பொறுப்பில் வெளியிடும் குறிப்பேடு அது. தமிழில் வலைப்பதிவுகள் பெருகி, 2004 இல் அவற்றைத் திரட்டிக் காட்டத் தமிழ்மணம் என்னும் தளமும் தோன்றிற்று.

கலைக்களஞ்சியம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய சரக்கன்று. தமிழில் அவ்வகை நூல்களுக்கு முன்னோடியான அபிதான கோசம் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்களின் உழைப்பால் 1902 இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இல் வந்தது. அதே மானிப்பாயில், அவற்றுக்கெல்லாம் முன்னே, அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோருக்கு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே விடை சொல்லியாயிற்று. நீர்வேலியும் இவ்வழியிற் பின்னிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சங்கர பண்டிதர் போன்றோரைத் தந்த ஊர் அது. தமிழகத்திலோ, பெ. தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் வெளியான கலைக்களஞ்சியத்தின் முதற்றொகுதி 1954 இல் அச்சேறிற்று. இறுதித் தொகுதி வெளிவர 1968 ஆயிற்று.

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முதற் கல்லை வைத்துக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்தவரும், வளைகுடா நாட்டிற் பணியாற்றிய கட்டடக் கலைஞருமாகிய இ. மயூரநாதன். சம்பளமில்லை, பதவியில்லை, மாலை வேளைகளில் அமர்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அவர் எழுதினார். பின்னர் தமிழகத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பலர் சேர்ந்தனர். 2017 இற் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. இப்போது ஒன்றரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. எந்த அரசாங்கமும் ஆணையிட்டு இது நடக்கவில்லை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழைத் தள்ளி வைத்தது. 1987 இற் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று எழுதி வைத்தது. சட்டப் புத்தகத்தில் இடம் பெற்ற மொழி, பிள்ளையின் மேசையில் இடம் பெற்றதா? இடம் பெறுவதற்கு எழுதப்பட்ட அறிவு வேண்டும். அதைப் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து உண்டாக்க முடியாது.

இன்னொரு செய்தியையும் இங்கு நினைவுகூராதிருக்க இயலவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாயிற்று. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பது எத்துணை ஆபத்து என்பதை எம்மைவிட அறிந்த மக்கள் உலகில் அதிகமில்லை. 2005 இல் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் கோயிற் சிறப்பிதழ்களையும் ஒளிப்படமாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்கும்படி வைத்துள்ளது. அத்தளமும் விக்கி மென்பொருளிலேயே இயங்குகின்றது. எம் பத்திரிகை வாசகர்களிற் பெரும்பாலோர் அதன் பெயரைக் கேட்டிருப்பர். தம் வீட்டுப் பரணில் உள்ள பழைய மலரொன்றை அதற்குக் கொடுத்தவர் எத்தனை பேர்?

இனி, பாடசாலைக்கு வருவோம்.

சட்டம் பயின்ற எம் கண்ணுக்கு, வலைப்பதிவு சாட்சியின் வாக்குமூலம் போலவும், விக்கிப்பீடியாக் கட்டுரை சான்றுகளை எடைபோட்டு எழுதிய தீர்ப்புப் போலவும் தோன்றுகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே ஆசிரியர் பலர் முதல் முயற்சியிற் சலித்துப் போகின்றனர். பாட்டனார் சொன்னதை மாணவன் நேரே விக்கிப்பீடியாவில் எழுதினால், சான்று எங்கே என்று கேட்டு நீக்கிவிடுவார்கள். நீக்குவதே முறை. அங்கே சொந்த ஆய்வுக்கு இடமில்லை. முன்னரே வெளியான நம்பத்தக்க நூலோ பத்திரிகையோ அறிக்கையோ ஆதாரமாகக் காட்டப்படுதல் வேண்டும். வலைப்பதிவைப் பெரும்பாலும் அவ்வாதாரமாக ஏற்பதுமில்லை.

அப்படியாயின் பாட்டனாரின் அறிவு எவ்வழி ஏறும்? வழி உண்டு. கதலிக்கும் இதரைக்கும் குழி வெட்டும் ஆழத்தில் வேறுபாடு பார்க்கின்றாரா, எத்தனை குட்டிகளை விட்டு எத்தனையைக் களைகின்றார், எந்த மாதத்திற் குலை ஈன்றால் காற்றுக்குத் தப்பும், வாடல் நோய் கண்ட மரத்தை என்ன செய்கின்றார், துலாவால் இறைத்த நாளில் எத்தனை நாளுக்கொரு முறை நீர் கட்டினார், இயந்திரம் வந்த பின் எத்தனை நாளுக்கொரு முறை கட்டுகின்றார் என்றெல்லாம் மாணவன் கேட்டு எழுதட்டும். சொன்னவரின் இசைவோடு, நாளும் இடமும் குறித்து, பாடசாலையின் வலைப்பதிவில் அது வெளிவரட்டும். அவற்றிற் சிறந்தவற்றை ஆசிரியர் சரிபார்த்துப் பாடசாலை மலரில் அச்சிடட்டும். அம்மலர் நூலகம் தளத்துக்குப் போகட்டும். பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆய்வாளரோ விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரோ அதைக் கண்டு, சோதித்து எழுதுவாராயின், அவ்வெழுத்தை ஆதாரமாகக் காட்டி அதே மாணவன் விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்க்கலாம். ஒரு வரி! ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள பயிற்சி, பார்த்தெழுதிய இருபது பக்கங்களில் உண்டா?

பயிற்சி என்று நாம் கூறுவது இதுவே. விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லை இட்டார் என்பது அழியாமல் நிற்கின்றது; நீதிமன்ற வழக்கேட்டிலும் இத்தனை துல்லியத்தை நாம் கண்டதில்லை. கருத்து வேறுபட்டால் உரையாடற் பக்கத்தில் வாதிட வேண்டும். வசைமொழி செல்லாது, ஆதாரமே செல்லும். பதினைந்து வயதுப் பிள்ளை முன்பின் அறியாத ஒருவரோடு, கோபப்படாமல், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கவும், தன்னிடம் கேட்கப்படும்போது காட்டவும் பழகுவானாயின், நாளை அவன் எந்த மேடைப் பேச்சுக்கும் எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் எளிதில் ஏமாறான். அரசியல்வாதிகளுக்கு இது உவப்பான செய்தியன்று. எம் கட்சி மேடைகளும் இதற்கு விலக்கில்லை.

எவரும் எழுதலாம் என்றால் பிழை மலியாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2005 இல் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழ் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தையும் 42 விஞ்ஞானத் தலைப்புகளில் ஒப்பிட்டது. முன்னதிற் கட்டுரைக்கு ஏறக்குறைய நான்கு பிழைகளும் பின்னதில் மூன்றும் இருந்தனவாம். ஆனால் அது ஆங்கிலத்தின் கதை. ஆங்கிலத்திற் பிழையைக் காண இலட்சம் கண்கள் உள; தமிழிற் கண்கள் குறைவு, ஆகவே பிழை நீண்ட நாள் நிற்கும். இதை மறைப்பதில் பயனில்லை. கண்களைக் கூட்டுவதே பரிகாரம்.

தொகையைக் கூட்டினாற் போதும் என்று எண்ணுவோர்க்கும் ஓர் அனுபவம் உண்டு. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றுவித்தது. கட்டுரைகள் நீண்டவை, தமிழோ தடுமாறியது. தமிழ்ப் பயனர்கள் சும்மா இருக்கவில்லை. தரத்தைத் திருத்துங்கள் என்று அந்தப் பெரு நிறுவனத்தோடு வாதிட்டனர். இன்று இயந்திரம் நொடியில் மொழிபெயர்க்கின்றது. பேசும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை தமிழ் கற்பது இணையத்தில் உள்ள தமிழைப் பார்த்தே. இயந்திரத் தமிழைப் பிள்ளை ஏற்ற, அதைப் பார்த்து இயந்திரம் மேலும் கற்க, ஈற்றில் எஞ்சுவது எவர் வீட்டுத் தமிழ்? ஆகையால் ஒரு வகுப்பு ஓர் ஆண்டில் ஐந்து நல்ல பக்கங்களை எழுதினாற் போதும் என்றே நாம் சொல்வோம். ஐம்பது வேண்டாம்.

பரீட்சை இருக்கின்றது, தனியார் வகுப்பு இருக்கின்றது, நேரம் எங்கே என்பது மற்றொரு தடை. புதிய வேலை எதையும் நாம் சுமத்தவில்லை. இப்போது வீணாக எழுதும் ஒப்படையையே பயன்படும்படி எழுதச் சொல்கின்றோம். இணையக் கட்டணம் கட்ட வசதியில்லாத பாடசாலைகளுக்கும் கதவு மூடப்படவில்லை. கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளின் துணையாற் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கணினியில் இறக்கி, இணைப்பின்றியே வாசிக்கலாம். விக்கி மென்பொருளும் இலவசமே. பாடசாலைக்குள் மட்டும் இயங்கும் விக்கியொன்றை அமைத்து ஓராண்டு பழகிய பின் வெளியுலகுக்கு வரலாம். 2020 இற் கொள்ளைநோய்க் காலத்தில் ஆசிரியர்கள் வாட்சப் வழியே அரும்பாடுபட்டு அனுப்பிய பாடக் குறிப்புகள் இன்று எங்கே? தொலைபேசி மாற அவையும் மறைந்தன. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்திற் கடதாசி இல்லாமற் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அக்குறிப்புகள் பொது இடமொன்றில் எழுதப்பட்டிருப்பின் இரண்டு இடரிலும் உதவியிருக்கும்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய தடையொன்று உண்டு; அதை எவரும் வெளியே பேசுவதில்லை. அது ஆசிரியரின் அச்சம். ஆசிரியர் அரசாங்க ஊழியர். தாபன விதிக்கோவை அவர் வாயைக் கட்டுகின்றது. 2022 செப்டெம்பரில் அரச ஊழியர் சமூக ஊடகங்களிற் கருத்துரைப்பதற்கு எதிராகச் சுற்றறிக்கையும் வந்தது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு தலைக்கு மேல் தொங்குகின்றது. ஊர்க் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்தது பற்றி மாணவர் எழுதிய குறிப்பைப் பாடசாலை வலைப்பதிவில் வெளியிட்டால் மேலிடம் விளக்கம் கோருமோ என்று அஞ்சும் ஆசிரியரை நாம் கோழை என்று சொல்ல மாட்டோம். அவருக்கும் குடும்பம் உண்டு.

எனவே, தமிழ்நாட்டிற் செய்ததை இங்கும் செய்ய வேண்டும். அங்கே 2017 இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசின் கல்வித் துறையே மாவட்டங்களிற் பயிற்சி வைத்து, விக்கிப்பீடியாவில் எழுத ஊக்கியது. ஓர் இலட்சமாவது கட்டுரை அவ்வாண்டில் வந்ததற்கு ஆசிரியர்களின் கையும் காரணம். வட மாகாணக் கல்வித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விடுத்தாற் போதும். பாட விடயம் பற்றி விக்கியிலும் பாடசாலை வலைப்பதிவிலும் எழுதுவதும் எழுதுவிப்பதும் ஆசிரியரின் கடமைக்கு உட்பட்டவை என்று அதில் இருத்தல் வேண்டும். பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. நாளைய ஆசிரியர்கள் அங்கேயே பழகி வரட்டும்.

அச்சுற்றறிக்கையிற் பிள்ளையின் காவலும் சொல்லப்படுதல் வேண்டும். மாணவரின் முழுப் பெயரோ படமோ முகவரியோ வெளிவரலாகாது, புனைபெயர் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது என்பதற்காக மட்டுமன்று. பெற்றோரின் நெஞ்சு அமைதியடைய வேண்டும் என்பதற்காகவும். விக்கிப்பீடியாவில் எழுதுவோர், ஆக்கியோரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடே எழுதுகின்றனர். கொடுத்ததை மீளப் பெற முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பிள்ளையின் எழுத்துப் பிள்ளைக்கே சொந்தமாதலால், இதைப் பெற்றோருக்கு முன்னரே விளக்கி ஒப்புதல் பெறுதல் முறை. பிறர் நூலிலிருந்து பெயர்த்தெழுதுவது அதே சட்டத்தின் கீழ்த் தவறு என்பதையும் அன்றே சொல்லிவிடலாம். மட்டை கட்டிய ஒப்படையில் எவரும் இதைச் சொன்னதில்லை.

கடல் கடந்த பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நிதி சேர்த்து அவர்கள் அனுப்பியவை எம் பாடசாலைகளுக்கு வாயில் வளைவுகளாகவும் பார்வையாளர் கொட்டகைகளாகவும் நிற்கின்றன. நன்றி. வளைவு கட்டி முடிந்த பாடசாலைக்கு இனி ஒரு வருடியும், இரண்டு கணினிகளும், மாலையில் இரண்டு மணி நேரம் அறையைத் திறந்து வைத்திருக்க ஒருவருக்குச் சம்பளமும் அனுப்புவீர்களாக. அதிற் பெயர்க்கல் பதிக்க இடமிராது.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு பாடசாலையில் ஒரு வகுப்பு அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். பொருள் இல்லையே என்பார் இருப்பின், எம் தொழிலில் உள்ளோர் தர முடியும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு. தலைமுறைகளாக உறுதியிலிருந்து உறுதிக்கு எழுதப்பட்டு வந்த அப்பெயர்கள் அகராதிகளில் இல்லை. அக்காணியில் வாழை நட்டிருக்கும் இளைஞருக்கே பலவேளை தெரியாது. உரிமையாளர் பெயரும் எல்லையும் விலையும் வேண்டாம். காணியின் பெயர் மட்டும் போதும். நீர்வேலியிலும் கோப்பாயிலும் சிறுப்பிட்டியிலும் உள்ள நொத்தாரிசுமார் தாமறிந்த பெயர்களைப் பட்டியலாக எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளைகள் அதைக் கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று, அப்பெயர் ஏன் வந்தது என்று அங்குள்ள முதியவர்களைக் கேட்டு எழுதட்டும். மாலை நாலு மணிக்குப் பின் அவர்கள் பெரும்பாலும் வரம்பிலேதான் இருப்பார்கள்.